எட்டு அணி லீக்குக்கு பிளேஆஃப் வைப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: பாளையங்கோட்டையில் எட்டு அணிகள் சேர்ந்து ஏப்ரல், மே மாதங்களில் சனி, ஞாயிறு ஆட்டமாக ஒரு கால்பந்து லீக் நடத்துகிறார்கள். பாதிக்கு 40 நிமிஷம். இதுவரை புள்ளிப் பட்டியலில் முதலில் வந்த அணிக்கே கோப்பை. இந்த வருஷம் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) மாதிரி பிளேஆஃப், அதாவது லீக்கில் மேலே வந்த அணிகளுக்குள் கோப்பைக்குத் தனியாக நாக்கவுட் ஆட்டங்கள், வைக்கலாம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். மீதிப் பேர், ‘ஏழு ஆட்டம் ஆடி முதல்ல வந்தவன் ஒரு நாள் தோத்தா எல்லாம் போச்சா?’ என்று கேட்கிறார்கள். கிரவுண்டு ஒன்றுதான், விளக்கு கிடையாது. எந்த முறை சரிவரும், விதியில் என்னென்ன எழுத வேண்டும்?

அந்த இரண்டாவது தரப்பு கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதை ஓரம் தள்ளிவிட்டு பிளேஆஃப் வைத்தால் அடுத்த வருஷம் நல்ல அணிகள் பெயர் கொடுக்க யோசிக்கும். லீக்கில் உழைத்த உழைப்புக்கு பிளேஆஃபில் கூலி கிடைக்க வேண்டும். எந்த முறையை எடுத்தாலும் இந்த ஒரு அளவுகோலை வைத்துப் பாருங்கள், பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

பெரிய லீக்குகளிலேயே இந்த மனக்கசப்பு உண்டு. அமெரிக்காவின் எம்.எல்.எஸ். லீக்கில் 2024இல் மெஸ்ஸி ஆடும் இன்டர் மயாமி 74 புள்ளி எடுத்தது. அந்த லீக்கில் அதுவரை யாரும் எடுக்காத புள்ளி அது. பிளேஆஃபின் முதல் சுற்றில் எதிரே வந்தது 40 புள்ளியோடு ஒன்பதாம் இடத்திலிருந்து ஏறி வந்த அட்லாண்டா யுனைடெட். மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்து அட்லாண்டா மேலே போனது, மயாமி வீட்டுக்குப் போனது. நம் பக்கத்திலும் 2017-18 ஐ.எஸ்.எல்லில் பெங்களூரு 18 ஆட்டத்தில் 40 புள்ளி, சென்னையின் எஃப்.சி. 32. எட்டுப் புள்ளி வித்தியாசம். ஆனால் இறுதி ஆட்டம் பெங்களூரு கண்டீரவா மைதானத்திலேயே நடந்தும் 3-2 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது சென்னையின்தான். நமக்கு அது சந்தோஷம். பெங்களூருக்காரர்களுக்கு அந்த வருஷம் லீக்கில் முதலிடம் வந்ததற்குத் தனிக் கோப்பைகூடக் கிடையாது.

இதைச் சரிசெய்யத்தான் 2019-20 முதல் ஐ.எஸ்.எல்லில் லீக் முதலிடத்துக்கு ஷீல்டு என்று தனியாக வைத்தார்கள். முதல் ஷீல்டு எஃப்.சி. கோவாவுக்கு. ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆடும் இடமும் அதோடு சேர்ந்தே வந்தது. நீங்களும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: லீக்கின் கடைசி ஆட்டம் முடிந்த அன்று சாயங்காலமே, அந்தக் கிரவுண்டிலேயே, முதலிடம் வந்த அணிக்கு ஷீல்டைக் கொடுத்துவிடுங்கள். பரிசுப் பணத்தையும் பிரியுங்கள். மொத்தம் 50,000 ரூபாய் என்றால் ஷீல்டுக்கு 20,000, பிளேஆஃப் கோப்பைக்கு 20,000, இறுதியில் தோற்றவருக்கு 10,000. ஷீல்டின் பணம் கோப்பையின் பணத்தைவிடக் குறைந்தால் அது பேருக்குக் கொடுத்ததாகத்தான் படும்.

அடுத்தது முறை. ஐ.எஸ்.எல்லில் தொடக்கத்தில் முதல் நான்கு அணிகள் நேராக செமிஃபைனல். 2022-23 முதல் 2024-25 வரை ஆறு அணி முறை: முதல் இரண்டு அணிகளுக்கு நேராக செமிஃபைனல், 3 முதல் 6 வரை வந்தவர்கள் ஒற்றை நாக்கவுட் ஆட்டம், அதுவும் பட்டியலில் மேலே இருப்பவரின் ஊரில், செமிஃபைனல் அவரவர் ஊரில் ஒன்றாக இரண்டு ஆட்டம், இறுதி ஒரே ஆட்டம். எம்.எல்.எஸ்ஸில் 2023 முதல் முதல் சுற்று மூன்றில் இரண்டு ஜெயிக்கும் முறை, முதல் ஆட்டமும் மூன்றாவது ஆட்டமும் மேலே இருப்பவரின் மைதானத்தில். அதற்குப் பிறகு எல்லாம் ஒற்றை ஆட்டம், அதுவும் மேலே இருப்பவர் வீட்டில்தான்.

உற்றுப் பார்த்தால் இவர்கள் எல்லாரும் கூலியைக் கொடுப்பது இரண்டு நாணயத்தில். ஒன்று சொந்த மைதானம், இன்னொன்று ஒரு சுற்று ஓய்வு. உங்களுக்கு எல்லா ஆட்டமும் ஒரே கிரவுண்டில். சொந்த மைதானம் என்ற நாணயம் உங்களிடம் செல்லாது. ஆறு அணி முறையும் வேண்டாம். எட்டில் ஆறு பேர் உள்ளே வந்தால் ஏழு வாரம் லீக் ஆடியதற்கே பொருள் இல்லை. நான்கு அணி போதும். ஆனால் 1-4, 2-3 என்று நேராக செமிஃபைனல் போட்டீர்களானால், முதலிடத்துக்குக் கிடைப்பது நான்காவது அணியோடு ஆடும் வாய்ப்பு மட்டும். ஏழு ஆட்ட லீக்கில் முதல் அணிக்கும் நான்காவது அணிக்கும் பெரிய பலவித்தியாசம் இருக்காது. அது கூலியே இல்லை.

உங்களுக்குச் சரியாக வரும் முறை கிரிக்கெட்டில் இருக்கிறது. ஐ.பி.எல்லில் 2011 முதல் பார்க்கிறோமே, குவாலிஃபயர், எலிமினேட்டர், அதேதான். சங்கர் நகரில் டி.என்.பி.எல். பார்த்துப் பழகிய ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதலிடமும் இரண்டாமிடமும் குவாலிஃபயர் ஒன்றில் ஆடும். ஜெயித்தவர் நேராக ஃபைனல். மூன்றும் நான்கும் எலிமினேட்டர். தோற்றவர் அத்தோடு சரி. குவாலிஃபயர் ஒன்றில் தோற்றவரும் எலிமினேட்டரில் ஜெயித்தவரும் குவாலிஃபயர் இரண்டில். அதில் ஜெயித்தவர் ஃபைனல். மொத்தம் நான்கே ஆட்டம். கணக்கு இப்படி விழும்: முதல் இரண்டு அணிகள் இரண்டு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை, குவாலிஃபயர் ஒன்றில் வரும் தோல்வியையும் தாங்கலாம். மூன்றாவதும் நான்காவதும் மூன்று ஆட்டத்தையும் ஜெயித்தாக வேண்டும், ஒன்றில் சறுக்கினாலும் முடிந்தது. ‘ஒரு நாள் தோத்தா எல்லாம் போச்சா’ என்ற கேள்விக்கு இதுதான் நேரான பதில்: முதல் இரண்டு இடத்துக்கு பிளேஆஃபின் முதல் ஆட்டத்தில் தோற்றாலும் போகாது. இதனால் லீக்கின் கடைசி இரண்டு வாரமும் சூடாக இருக்கும். நான்காம் இடத்துக்கு ஒரு போட்டி, இரண்டாம் இடத்துக்கு இன்னொரு போட்டி.

கிரிக்கெட்டிலிருந்து எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இருபது ஓவர் ஆடிவிட்டு மறுநாள் ஆடலாம். 80 நிமிஷம் மே வெயிலில் ஓடியவன் மறுநாள் ஓட முடியாது. ஓடினால் தொடைத் தசை பிடிக்கும், அப்புறம் பதினைந்து நாள் உட்கார வேண்டும். அதனால் குவாலிஃபயர் ஒன்று சனிக்கிழமை மாலை, எலிமினேட்டர் ஞாயிறு மாலை, குவாலிஃபயர் இரண்டு புதன் மாலை, ஃபைனல் அடுத்த ஞாயிறு என்று போடுங்கள். யாருக்கும் நடுவில் இரண்டு முழு நாள் குறையாது. சனிக்கிழமை தோற்ற மேல் அணிக்கு மூன்று நாள் கிடைக்கும், ஞாயிறு ஆடிய கீழ் அணிக்கு இரண்டு நாள். அந்த ஒரு நாள் வித்தியாசமும் கூலியில் சேர்த்தி. வேலைக்குப் போகிற பையன்கள் புதன் வர முடியாது என்றால் மூன்று வாரமாக நீட்டிக்கொள்ளுங்கள். சனி குவாலிஃபயர் இரண்டு, ஞாயிறு ஃபைனல் என்று மட்டும் ஒட்டிப் போட்டுவிடாதீர்கள்.

லீக்குக்கு 28 ஆட்டம், ஏழு சுற்று. காலை ஆறரைக்கு ஒன்று, மாலை நாலரைக்கு ஒன்று என்றால் ஒரு வாரக் கடைசியில் நான்கு ஆட்டம், ஒரு சுற்று முடிந்துவிடும். ஏப்ரல் முதல் சனிக்கிழமை தொடங்கினால் பிளேஆஃபும் சேர்த்து மே கடைசியோடு முடியும், ஜூனில் பள்ளி, கல்லூரி திறந்த பிறகு இழுக்காது. ஆனி, ஆடிக்குத் தள்ளினால் மேற்கே கணவாய் வழியாக வருகிற காற்று ஆட்டத்தைத் தின்றுவிடும். ஒரு பாதி பந்து கோல்கிக்கிலிருந்தே எதிர்ப் பெட்டிக்குப் போகும், மறு பாதி அடித்த இடத்துக்கே திரும்பும். ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம், மழையில் கிரவுண்டு தொளியாகிவிடும்.

சமமாக முடிந்தால் என்ன? இங்கேதான் வெளிச்சக் கணக்கு வருகிறது. மே கடைசியில் நம் பக்கம் சூரியன் ஏறக்குறைய ஆறரைக்கு மறைகிறது. நாலரைக்குத் தொடங்கும் ஆட்டம், 80 நிமிஷம், பத்து நிமிஷ இடைவேளை, இரண்டு பாதியிலும் சேர்த்து ஆறு நிமிஷம் கூடுதல் என்று வைத்தால் 6.06க்கு முடியும். உடனே டைபிரேக்கர் (மாறி மாறிப் பெனால்டி அடிப்பது) போனால் 6.11க்குத் தொடங்கி ஆறே காலைத் தாண்டிக் கொஞ்சத்தில் முடிந்துவிடும். நடுவில் எக்ஸ்ட்ரா டைம் வைத்தால் டைபிரேக்கர் இருட்டில்தான். ஆகவே முதல் மூன்று ஆட்டத்துக்கும் எக்ஸ்ட்ரா டைம் வேண்டாம், நேராக டைபிரேக்கர். இதில் குறை ஒன்றுமில்லை, எம்.எல்.எஸ். முதல் சுற்றில் அப்படித்தான், கோப்பா அமெரிக்காவிலும் 2024இல் ஃபைனலைத் தவிர மற்ற நாக்கவுட்டெல்லாம் அப்படித்தான்.

ஃபைனலுக்கு மட்டும் எக்ஸ்ட்ரா டைம் வையுங்கள், ஆட்டத்தை நான்கு மணிக்கே தொடங்குங்கள். விதிப்படி எக்ஸ்ட்ரா டைம் இரண்டு சம பாதி, ஒவ்வொன்றும் 15 நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. பத்துப் பத்தாக வைத்துக்கொள்ளலாம். 5.36க்கு ஆட்டம் முடியும், ஐந்து நிமிஷம் விட்டு 5.41க்கு எக்ஸ்ட்ரா டைம், 6.05க்குள் அதுவும் முடியும், டைபிரேக்கருக்கு வெளிச்சம் மிச்சம் இருக்கும். நாலு மணி வெயிலுக்கு ஒவ்வொரு பாதியின் நடுவிலும் ஒரு முறை தண்ணீர் குடிக்க நிறுத்தச் சொல்லுங்கள். வெப்பம் தணிக்கும் இடைவேளை 90 விநாடி முதல் மூன்று நிமிஷம் வரை விதியே அனுமதிக்கிறது. அந்த நேரத்தை ரெஃப்ரி கூட்டிக்கொடுப்பார் என்பதையும் உங்கள் கணக்கில் சேருங்கள். ஃபைனலை 3.50க்குத் தொடங்கினால் சரியாகிவிடும். ‘எக்ஸ்ட்ரா டைம்ல மொதல்ல கோல் போட்டவன் ஜெயிச்சான்னு வச்சிருவோம்’ என்று யாராவது சொல்வார்கள். கோல்டன் கோல் 2004லேயே விதிப்புத்தகத்திலிருந்து போய்விட்டது.

சமன் என்றால் பட்டியலில் மேலே இருந்தவர் ஜெயித்ததாக வைக்கலாம் என்றும் ஒரு யோசனை வரும். மெக்சிகோ லீக்கில் காலிறுதி, அரையிறுதியில் இரண்டு ஆட்டமும் சேர்ந்து சமன் என்றால் அப்படித்தான். உங்களுடைய ஒற்றை ஆட்டத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். மேல் அணி ஐம்பதாவது நிமிஷத்திலிருந்தே பந்தைத் தூக்கி வெளியே அடித்துக்கொண்டு நிற்கும். ஆட்டம் பாழ்.

டைபிரேக்கரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊர் டோர்னமென்டுகளில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான்.

எந்த போஸ்டில் அடிப்பது என்பதற்கு ரெஃப்ரி காசு சுண்டுவார். தரை மோசமாக இருந்தாலோ, கூட்டத்தால் ஆபத்து என்றாலோ அவரே முடிவு செய்யலாம். மறுபடி ஒரு முறை சுண்டி, அதில் ஜெயித்த கேப்டன் முதலில் அடிப்பதா, இரண்டாவதா என்று சொல்வார். ஆட்டம் முடியும்போது உள்ளே இருந்தவர்கள் மட்டுமே அடிக்கலாம். காயத்துக்காகவோ, ஷூ சரிசெய்யவோ ரெஃப்ரியின் அனுமதியோடு கொஞ்ச நேரம் வெளியே நின்றவரும் அதில் சேர்த்தி. மாற்றி எடுத்துவிட்டவரை நல்லா அடிப்பான் என்று திரும்ப உள்ளே கொண்டுவர முடியாது. ஒரு அணியில் பத்துப் பேர்தான் மிச்சம் என்றால் பதினொரு பேர் உள்ள அணியையும் ஒருவரை விலக்கிப் பத்தாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள், விலக்கியவரின் பெயரையும் நம்பரையும் ரெஃப்ரியிடம் சொல்ல வேண்டும். டைபிரேக்கர் நடக்கும்போதே ஒருவருக்குச் சிவப்பு அட்டை விழுந்தாலும் இதே கணக்குத்தான். இதை விட்டுவிட்டால் பத்துப் பேர் அணிக்குத்தான் லாபம்: பத்து அடிக்குப் பிறகு அவர்கள் தங்கள் நல்ல ஆளை மறுபடி அனுப்பும்போது பதினொரு பேர் அணி இன்னும் பதினோராவது ஆளிடம்தான் இருக்கும். எண்ணிக்கை சமமாக இருந்தால் அந்த லாபத்துக்கே இடமில்லை.

ஐந்து பேர் பெயரை வரிசையாக எழுதிக் கொடுக்கச் சொல்வது நம் பக்கம் வழக்கம். விதியில் அப்படி ஒன்றும் இல்லை. யார் எப்போது அடிப்பது என்பது அணியின் விருப்பம், ரெஃப்ரியிடம் முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை. முதல் மூன்று பேரில் இரண்டு பேர் தவறவிட்டால் அடுத்தவரை மாற்றிக்கொள்ளலாம். ஒரே தடை, எல்லாரும் ஒரு முறை அடிக்காமல் யாரும் இரண்டாவது முறை அடிக்க முடியாது. கீப்பரும் அதில் ஒருவர்.

அடிப்பவரும் இரண்டு கீப்பரும் தவிர அத்தனை பேரும் நடு வட்டத்துக்குள். அடிப்பவருடைய அணியின் கீப்பர் பெட்டிக்கு வெளியே, கோல்கோடும் பெனால்டி ஏரியா கோடும் சந்திக்கிற இடத்தில் நிற்க வேண்டும். ஒரு லைன்ஸ்மேன் கோல்கோட்டில், ஒருவர் நடு வட்டத்தில். பந்தைத் தடுக்க நிற்கும் கீப்பருக்கு, அடிக்கிற நொடியில் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ, கோட்டுக்கு நேராகவோ, பின்னாலோ இருக்க வேண்டும். முன்னே வந்து பந்தைத் தடுத்தால் மறுபடி அடிக்க வேண்டும். முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை மஞ்சள். ஆட்டத்தில் ஏற்கெனவே ஒரு மஞ்சள் வாங்கிய கீப்பர் என்றால் பயப்பட வேண்டாம், அது டைபிரேக்கருக்குக் கூட வராது. கீப்பர் முன்னே வந்திருந்தாலும் பந்து அவர் கையில் படாமல் வெளியே போனாலோ, போஸ்டில் பட்டுத் திரும்பினாலோ மறு அடி கிடையாது, அடிப்பவரை அந்த அசைவு தெளிவாகப் பாதித்திருந்தால் ஒழிய.

பந்து போஸ்டில் பட்டு, கீப்பர் முதுகில் பட்டு உள்ளே போனால் கோல். பந்து இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும் வரை அடி முடியவில்லை. கீப்பர் பிடித்துவிட்டதாக நினைத்துக் கையைத் தூக்கிக்கொண்டு நடக்க, பந்து சுழன்று மெல்லக் கோட்டைத் தாண்டினாலும் கோல்தான். அடிப்பவர் வழுக்கி, பந்து அவருடைய இன்னொரு காலிலும் தெரியாமல் பட்டுவிட்டால்? 2025இல் இதைத் தெளிவுபடுத்தினார்கள்: கோலானால் மறுபடி அடிக்க வேண்டும், கோலாகவில்லை என்றால் தவறவிட்டதாகக் கணக்கு. அந்த வருஷம் சாம்பியன்ஸ் லீக்கில் அத்லெடிகோ மாட்ரிட்டின் ஹூலியன் ஆல்வரெஸ் இதே மாதிரி வழுக்கி அடித்த கோலை ரத்து செய்ததிலிருந்து வந்த தெளிவு இது. உங்கள் ரெஃப்ரிக்கு இது தெரியுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வழுக்கலுக்கும் ஒரு காரணம் உண்டு, அதைக் காலையிலேயே சரிசெய்யலாம். செம்மண் கிரவுண்டில் பெனால்டி புள்ளியைச் சுற்றி ஏழு வாரத்தில் குழி விழுந்திருக்கும். பந்து வைக்கிற இடத்தில் சிறு பள்ளம். அதைவிட மோசம், அதற்கு இடப்புறம் ஒரு சாண் தள்ளி இருக்கும் பள்ளம்: வலது காலால் அடிப்பவர்கள் எல்லாரும் இடது காலை ஊன்றுவது அங்கேதான். மேலே பொடி மண்ணும் சிறு கல்லும் கிடக்கும், ஊன்றுகிற கால் முன்னால் இழுத்துக்கொண்டு போகும், பந்து போஸ்டுக்கு மேலே. முந்தின நாள் சாயங்காலமே அந்த இரண்டு குழியையும் கிளறி, சலித்த மண்ணைப் போட்டு, தண்ணீர் தெளித்து, மட்டக்கட்டையால் இடித்து விடுங்கள். ராத்திரி காய்ந்து இறுகிவிடும். ஆட்டத்தன்று தண்ணீர் ஊற்றினால் சகதிதான் மிஞ்சும். பிறகு கோல்கோட்டின் நடுவிலிருந்து டேப் வைத்து 11 மீட்டர் அளந்து புள்ளி வையுங்கள். காலடியால் அளந்தால் அரை மீட்டர் தவறும். போஸ்டின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44. குழி விழுந்த கோல்வாயில் மட்டும் உயரம் கூடிவிடும், அங்கேயும் மண் நிரப்ப வேண்டும். கோடு போடச் சுண்ணாம்பு வேண்டாம். கீப்பர் விழுந்து எழும்போது கண்ணில் பட்டால் வெந்துவிடும். கோலமாவோ சாக் பவுடரோ போதும்.

வெளிச்சம் போய் டைபிரேக்கர் பாதியில் நின்றால், மறுநாள் காலை ஆறரைக்கு அதே ஆட்கள், அதே கணக்கிலிருந்து தொடரும் என்று எழுதிவையுங்கள். பைக் விளக்கைப் போட்டு அடிக்க விடாதீர்கள், கீப்பருக்குப் பந்து தெரியாது.

இனி புள்ளிப் பட்டியல். ஏழே ஆட்டம் என்பதால் இரண்டு மூன்று அணிகள் சமப் புள்ளியில் நிற்பது நிச்சயம். எம்.எல்.எஸ்ஸில் முதலில் வெற்றிகளின் எண்ணிக்கை பார்ப்பார்கள், இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் கோல் வித்தியாசம், ஐ.எஸ்.எல்லில் அந்த அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டம். 2020-21இல் மும்பை சிட்டியும் ஏ.டி.கே. மோகன் பகானும் 40 புள்ளியில் நின்றபோது, மோதிய இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்த மும்பைக்கு ஷீல்டு போனது. உங்களுக்கும் நான் சொல்வது நேரடி ஆட்டம் முதலில். காரணம் வாக்ஓவர். வராத அணிக்கு எதிராக 3-0 என்று கொடுப்பதுதான் நடைமுறை. கடைசி இடத்து அணி ஆறாவது வாரம் ஆள் சேராமல் வரவில்லை என்று வையுங்கள். முன்னே அதை ஏழு கோலில் அடித்த அணிக்கு +7, வாக்ஓவர் கிடைத்த அணிக்கு +3. இந்த வித்தியாசத்தில் ஒருவன் பிளேஆஃபை இழந்தால் அது ஆட்டத்தில் இழந்தது ஆகாது.

மூன்று அணி சமன் என்றால் இன்னும் கவனம் வேண்டும். உதாரணத்துக்கு, மேலப்பாளையம் 2-0 என்று பேட்டையை ஜெயித்தது. பேட்டை 1-0 என்று வண்ணார்பேட்டையை ஜெயித்தது. வண்ணார்பேட்டை 1-0 என்று மேலப்பாளையத்தை ஜெயித்தது. மூன்றுக்கும் தங்களுக்குள் மூன்று மூன்று புள்ளி. தங்களுக்குள் கோல் வித்தியாசம் பார்த்தால் மேலப்பாளையம் +1, வண்ணார்பேட்டை 0, பேட்டை -1. ஆக மேலப்பாளையம், வண்ணார்பேட்டை, பேட்டை என்று வரிசை. ஆனால் பேட்டைக்காரர் கேட்பார்: ‘மேலப்பாளையம் மேல போயிட்டு அண்ணாச்சி. மிச்சம் நாங்க ரெண்டு பேரு. நாங்கதான அவங்கள ஜெயிச்சோம்?’ இரண்டு வாதமும் நியாயமாகத் தோன்றும், ஒன்றைத்தான் எழுத முடியும். நான் எழுதுவது: மூன்று அணி கணக்கில் எல்லா அணியும் பிரிந்துவிட்டால் அதுவே முடிவு; அந்தக் கணக்கிலும் இரண்டு அணி சமமாகவே நின்றால் மட்டும் அவை இரண்டுக்கும் திரும்ப நேரடி ஆட்டம் பார்க்கப்படும்; அதற்கும் மேல் முழு லீக்கின் கோல் வித்தியாசம், பிறகு அடித்த கோல், பிறகு குறைந்த அட்டை, கடைசியில் சீட்டுக் குலுக்கல்.

கடைசிச் சுற்றில் நான்காம் இடத்தைத் தீர்மானிக்கும் ஆட்டங்களை ஒரே நேரத்தில் தொடங்குங்கள். 1982 உலகக் கோப்பையில் அல்ஜீரியா முதல் நாளே ஆடி முடித்துவிட்டது. மறுநாள் ஹிஹோன் நகரில் ஆடிய மேற்கு ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் 1-0 போதும், இருவரும் உள்ளே. பத்தாவது நிமிஷத்தில் கோல் விழுந்தது, அதன்பின் இருவரும் ஆடவே இல்லை, அல்ஜீரியா வெளியே. அதற்குப் பிறகுதான் கடைசிக் குழு ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைத்தார்கள். உங்களுக்குக் கிரவுண்டு ஒன்றுதான் என்றாலும் ஒரே ஒரு மாலைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட கிரவுண்டை எழுதிக் கேட்டு வாங்குங்கள். ரெஃப்ரி இன்னொரு செட் வேண்டும், அதற்கும் முன்பே சொல்லிவையுங்கள்.

வெளியூர் ஆட்கள் விஷயம். பிளேஆஃப் வந்ததும் தூத்தூரிலிருந்து இரண்டு பேர், சென்னையிலிருந்து ஒருவர் என்று இறக்குவார்கள். லீக்கில் வெயிலில் ஓடிய பையன் உட்கார்ந்திருப்பான். ஒரு அணிக்கு 20 பேர் பட்டியல், நான்காவது சுற்றோடு பட்டியல் மூடப்படும், லீக்கில் குறைந்தது மூன்று ஆட்டம் ஆடியவர் மட்டுமே பிளேஆஃபில் ஆடலாம் என்று எழுதுங்கள். புகைப்படம் ஒட்டிய பட்டியல் ஸ்கோர் மேஜையில் இருக்கட்டும், ஆட்டத்துக்கு முன் இரண்டு கேப்டனும் பார்க்கலாம்.

அட்டைகள்: லீக்கில் இரண்டு மஞ்சளுக்கு ஒரு ஆட்டம் தடை என்றால், லீக் முடிந்ததும் ஒற்றை மஞ்சள்களை அழித்துவிடுங்கள். சிவப்பின் தடையும் ஏற்கெனவே விழுந்துவிட்ட தடையும் தொடரும். 2002 உலகக் கோப்பை செமிஃபைனலில் மஞ்சள் வாங்கியதால் ஜெர்மனியின் பாலக் ஃபைனலில் ஆட முடியாமல் போனது. இப்போது உலகக் கோப்பையில் காலிறுதியோடு ஒற்றை மஞ்சளை அழித்துவிடுகிறார்கள்.

வெளிநடப்பைப் பற்றி ஒரு விதி கட்டாயம் வேண்டும். 2023 மார்ச் 3ஆம் தேதி பெங்களூருவில் நடந்த ஐ.எஸ்.எல். நாக்கவுட்டில் எக்ஸ்ட்ரா டைமில் கிடைத்த ஃப்ரீகிக்கை, சுவர் நிற்பதற்குள் சுனில் சேத்ரி அடித்துவிட்டார். கேரளா பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அணியை வெளியே கூட்டிக்கொண்டு போனார். கோல் நின்றது, பெங்களூரு மேலே போனது, பிளாஸ்டர்ஸுக்கு நான்கு கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டம் தடை. விதி எளிது: ஃப்ரீகிக் அடிக்க விசில் தேவையில்லை. சுவரை 9.15 மீட்டர் தள்ளச் சொல்லி அடிக்கும் அணி கேட்டால்தான் ரெஃப்ரி நிறுத்தி, விசிலுக்குக் காத்திருக்கச் சொல்வார். பிளேஆஃபுக்கு முன் கேப்டன்கள் கூட்டத்தில் இதை ஒரு முறை சத்தமாகச் சொல்லிவிடுங்கள். வெளியே போன அணி ரெஃப்ரி கேட்டு ஐந்து நிமிஷத்துக்குள் திரும்பாவிட்டால் ஆட்டம் எதிரணிக்கு, பரிசுப் பணமும் கிடையாது என்றும் எழுதுங்கள். புரொட்டஸ்ட் என்றால் ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் எழுத்தில், கட்டணத்தோடு, அதுவும் ஆளின் தகுதி பற்றி மட்டும். கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா என்பதில் ரெஃப்ரி சொன்னது இறுதி. அதைக் கமிட்டி தொடக் கூடாது.

ரெஃப்ரிகளை எந்த அணிக்கும் சேராதவர்களாக, மாவட்டச் சங்கம் மூலமாகக் கேட்டு, நான்கு ஆட்டத்துக்கும் சேர்த்து முன்பணம் கொடுத்துவிடுங்கள்.

கோடை மழை ஒன்று மிச்சம் இருக்கிறது. மே மாதம் சாயங்காலம் திடீரென்று இடியோடு கொட்டும். மின்னல் தெரிந்தாலே எல்லாரையும் கிரவுண்டிலிருந்து கட்டடத்துக்குள் அனுப்புங்கள், மரத்தடிக்கு அல்ல. நின்றுபோன ஆட்டத்தைத் திரும்ப முதலிலிருந்து ஆட வேண்டும் என்பதே பொது விதி, போட்டி விதி வேறு சொன்னால் ஒழிய. நீங்கள் வேறு சொல்லுங்கள்: மறுநாள் காலை ஆறரைக்கு, நின்ற நிமிஷத்திலிருந்து, அதே ஸ்கோரோடு, அதே அட்டைகளோடு, அதே ஆட்களோடு தொடரும். இல்லாவிட்டால் 2-0 என்று பின்தங்கிய அணி எழுபதாவது நிமிஷத்தில் மேகத்தைப் பார்த்து நிற்கும். இதனால் மூன்றாவது ஆளாக யாராவது நின்ற நிமிஷத்தையும், பந்து இருந்த இடத்தையும், உள்ளே இருந்த 22 நம்பரையும் அப்போதே எழுதி இரண்டு கேப்டனிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தத் தாளும் பேனாவும் ஸ்கோர் மேஜையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கட்டும்.